பீலியடியில் இடப்பக்கம்

ஜூலை 6, 1983, புதன்

விடியலிலிருந்து தூறல். குடை கந்தோரில், நான் வீட்டில். நனைந்துகொண்டே போனேன்.

கந்தோரில் பெரியவருக்கு மூன்று கடிதம். ஒன்றை இரண்டு முறை அடிக்க வைத்தார். பிழை அவருடையது, பேச்சு எனக்கு. பதினைந்து வருட டைப்பிஸ்ட் வேலையில் பிழையைக் கண்டால் கை தானாகத் திருத்துகிறது. சாப்பாட்டுக் கடை விலைப்பலகையில் ஒரு கொம்பு விடுபட்டிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. வியாதிதான், வேறென்ன.

ஐந்து மணிக்கு வகுப்பு. கண்டி டவுனில் துணிக்கடைக்கு மேல் மாடி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய டிவி, பதினொரு பிள்ளைகள். சிங்களம், முஸ்லிம், தமிழ் எல்லாம் கலந்து. நடத்துவது மடவளை நவாஸ் மாஸ்டர். (இனி ந.மா. ஒவ்வொரு முறையும் முழுப்பெயர் எழுத எனக்குப் பொறுமை இல்லை.) நான் போவது ஆசையில், சம்பளம் கிடையாது. கலியாணமில்லாத முப்பத்தெட்டு வயதுக்காரி பின்னேரத்தில் வேறெங்கே போவது?

திரையில் ஒரு சின்ன முக்கோணம். அதற்கு ஆமை என்று பெயர். காலுமில்லை, ஓடுமில்லை. முன்னே 50 என்றால் ஐம்பது புள்ளி நடந்து கோடு விடும். வலம் 90 என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். இந்த இரண்டை வைத்துப் பிள்ளைகள் சதுரம், நட்சத்திரம், கோலம் எல்லாம் போடுகிறார்கள். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. இன்றைக்கும் போனது. பாதி நட்சத்திரத்தோடு ஒருத்தி அழுதாள்.

ந.மா. தடித்த அட்டை போட்ட ஒரு சிவப்பு சீ.ஆர். கொப்பி தந்தார். ஒவ்வொரு பிள்ளையும் எழுதுவதைத் தமிழில், வரிக்கு வரி விளக்கத்தோடு நான் எழுதி வைக்க வேண்டுமாம்.

"ஆருக்கு மாஸ்டர்?"

"ஆருக்கெண்டாலும் மிஸ். ஒரு தெரியாத ஆள்ட கையில குடுத்தாலும், எங்களக் கேக்காம அவன் போய்ச் சேரணும். அப்பிடி எழுதுங்க."

எனக்குப் பிடித்தது. பதினைந்து வருடமாக யாரும் எங்கேயும் போய்ச் சேராத கடிதங்களைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சுருக்கங்கள்: மு = முன்னே. வ = வலப்பக்கம் திரும்பு. இ = இடப்பக்கம் திரும்பு.

வாங்க வேண்டியவை: மை, சவர்க்காரம், வீட்டுச் சொந்தக்காரி பியசீலி அக்காவுக்கு வெற்றிலை.

ஜூலை 9, சனி

வெயில். அதிசயம்.

இன்றைக்கு வகுப்பில் கூத்து. எந்தக் கோணல் கோட்டையும் நடுவிலிருந்து ஆறு தடவை சுற்றிப் போட்டால் பூவாகிவிடுகிறது. ஒரு தடவை போடு, பேனாவைத் தூக்கு, நடுவுக்கு வா, 60 திரும்பு, மறுபடி போடு. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கீழே துணிக்கடைக்காரர் ஏறி வந்து, பிறகு அவரும் நின்று பார்த்தார்.

ந.மா. வீட்டுவேலை கொடுத்தார். பஸ் ஹோல்ட்டிலிருந்து தங்கள் வீட்டுக்குக் காலடி எண்ணி நடந்து, அதை ஆமைக்கு எழுத வேண்டும். ஐந்து காலடிக்கு ஆமையின் ஒரு புள்ளி. பிறகு அவரவர் வீட்டு வழியை ஆறு தடவை சுற்றிப் பூவாக்குவது. ஆளுக்கொரு பூ. இரண்டு பேருடைய பூ ஒன்றாக வராது. மனிதருக்கு இந்த யோசனை எங்கிருந்துதான் வருகிறதோ.

மாதிரிக்கு முதல் பக்கம் என்னுடையது. ஹோல்ட்டில் இறங்கி எண்ணிக்கொண்டே வந்தேன். எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்குள், வாசல் வரை, கடைசி நீட்டு நூற்றி எண்பது காலடி. ஆமைக்கு மு 36. வாசலில் பியசீலி அக்கா. சிங்களம், ஆனால் தமிழ் பேசுவாள்.

"திலகம் நோனா, என்ன விழுந்தது? காசா?"

"இல்லை அக்கா, நடையை எண்ணுறன்."

உள்ளே போய் எனக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். தலையில் ஏதோ பிசகு என்று நினைத்திருப்பாள்.

ஜூலை 13, புதன்

தூறல். பல்வலி.

எல்லாப் பிள்ளைகளும் தாள் தந்துவிட்டார்கள். சதுரக்கோட்டுத் தாள், பென்சில், அழிறப்பர் கறை. நான் கொப்பியில் அழகாக இறக்குகிறேன். பக்கத்துக்கு ஒரு பிள்ளை. மேலே பெயர், தகப்பன் பெயர், எந்த ஹோல்ட், எந்தப் பக்கம் பார்த்து நிற்பது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அடையாளம்: நீலக் கேற், உடைந்த மதகு, நாய் (கட்டியிருக்கும்), பலாமரம்.

பதினொரு பிள்ளைகளில் ஆறு தமிழ். அதில் ஒருத்திதான் உண்மையான கெட்டிக்காரி. செல்வராணி, பதினாறு வயது, கம்பளை றோட்டில் ஸ்டோரடி ஹோல்ட். தகப்பன் முனியாண்டி தேயிலை ஸ்டோரில் பெட்டி ஏற்றுகிறார். மற்றப் பிள்ளைகள் எழும்பி, கையை நீட்டி, உடம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வலது இடது சொல்லும். இவள் இருந்த இடத்தில் இருந்தே சொல்லுவாள். ஒரு முறைகூடத் தவறவில்லை.

அவள் தாள்:

ஹோல்ட்டில் மலையைப் பார்த்து நிற்க.
மு 60 – கல் படி, பிறகு ஏற்றம்
வ 60
மு 30 – பீலி வரை
இ 60
மு 50 – வீடு. தகரக் கூரை, முன்னால் செவ்வந்தி.

பீலி என்றால் மலைத் தண்ணீர் விழுகிற குழாய். அவள்தான் சொல்லித் தந்தாள். "உங்க ஊர்ல கெணறு மிஸ், எங்களுக்குப் பீலி."

ஜூலை 16, சனி

மழை கொட்டித் தீர்த்தது. பஸ்ஸில் என் சேலை முழுக்க யாருடையதோ குடைத் தண்ணீர்.

பூக்கள் போட்டோம். பத்துப் பூ அழகு. என்னுடையது சப்பாத்துக்கள்ளி மாதிரி, போகட்டும். செல்வராணியுடையதுதான் வில்லங்கம். வழி நீளம், கடைசிக் கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் ஆமை கீழ் விளிம்பால் திரும்ப நுழைந்து குறுக்கே கீறும். இதழ் ஒரு பக்கம், நுனி இன்னொரு பக்கம். பார்க்கவே கண் கூசியது.

ந.மா. வேறு பிள்ளையோடு. நான் கொஞ்சம் யோசித்து, பீலியடியில் இ 60 என்றிருந்ததை வ 60 ஆக்கிப் போட்டேன். இதழ் உள்ளே மடிந்தது. அப்படி ஒரு பூ! தாமரை தோற்றுப்போகும். பிள்ளைகள் எல்லாம் "ஆ" என்றார்கள்.

செல்வராணி மட்டும் சிரித்தாள். "மிஸ், அது எங்க வீடு இல்லீங்களே. அந்தப் பக்கம் போனா தொரையோட பழைய பங்களா. பூட்டிக் கெடக்கு."

"படம் வடிவா இருக்கோணும் பிள்ளை. வீடு எந்தப் பக்கம் இருந்தா ஆமைக்கு என்ன?"

"அப்ப எங்க வீட்டத் தூக்கி அங்கிட்டு வச்சிருங்க மிஸ். பங்களா பக்கம் ஒழுக்கு இல்லாம இருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். கொப்பியில் வ 60 என்றே இறக்கினேன். அடையாளம் மட்டும் அவள் சொன்னபடி: தகரக் கூரை, செவ்வந்தி.

ஜூலை 20, புதன்

பல் பிடுங்கியாயிற்று. வீக்கம். கந்தோருக்கு லீவு, வகுப்புக்குப் போனேன். (பெரியவர் அறிந்தால் அவ்வளவுதான்.)

கொப்பி முடிந்தது. அட்டைக்குப் பிறவுண் தாள், முதுகுக்குத் துணி ஒட்டினேன். ந.மா. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "ஒரு வெட்டுக் குத்து இல்ல மிஸ். அச்சடிச்ச மாதிரி ஈக்கி" என்றார். (இருக்கு என்பது அவர் ஊர்ப் பேச்சில் ஈக்கி.) வீங்கின கன்னத்தோடு சிரித்தேன்.

செல்வராணியின் தகப்பன் வந்தார். மகளைக் கூட்டிப்போக, கடைசி பஸ் தவறிவிடும் என்று. சட்டையில் தேயிலைத் தூசி. படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதிரை போட்டும் இருக்காமல் நின்றார். ந.மா. மகளின் பூவைப் போட்டுக் காட்டினார். மனிதர் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"இது நம்ம வீட்டுக்குப் போற பாதைங்களா மாஸ்டர்?"

"ஓ. உங்கட மகள் நடந்து எண்ணினது."

"இதுல நம்ம வீடு எதுங்க?"

செல்வராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விரலை இதழின் மடிந்த நுனியில் வைத்தாள். "இந்தா, இங்கப்பா."

அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி சூடாக இருக்கிறதே என்று கையை எடுத்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு பல்வலியில் மறந்துவிட்டேன்.

கொப்பி மாஸ்டரின் மேசை லாச்சியில். பிள்ளைகளின் தாள்கள் என் கைப்பையில். ஓய்வாகச் சரிபார்க்கலாம் என்று.

ஜூலை 25, திங்கள்

வானம் மூடிக்கிடந்தது, மழை இல்லை.

கந்தோரில் ஒருவரும் வேலை செய்யவில்லை. கொழும்பில் கடைகள் எரிகிறதாம். தமிழ் ஆட்களை வாகனத்திலிருந்து இறக்கி… எழுத வரவில்லை. பக்கத்து மேசை சிங்களப் பெட்டை என் கையைப் பிடித்து, "மிஸ், கெதற யன்ன" என்றாள். வீட்டுக்குப் போ என்று. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பஸ்ஸில் நெற்றிப் பொட்டை அழித்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

பஸ்ஸுக்குள் கேட்டது (இரண்டு ஆண்கள், சிங்களத்தில்): "அங்கே லிஸ்ட் வைத்துக்கொண்டுதான் போகிறார்களாம். எந்த வீடு யாருடையது என்று எல்லாம் எழுதியே இருக்காம்."

வீட்டுக்கு வந்து, கைகழுவி, சோற்றுக்கு அரிசி போட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் அரிசியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கொப்பி.

ஜூலை 26, செவ்வாய், காலை

நித்திரை இல்லை. என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒவ்வொரு பக்கமாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன்.

– பெயர். தகப்பன் பெயர். படித்தவுடன் தமிழ் என்று தெரியும்.
– எந்த ஹோல்ட்டில் இறங்குவது.
– எத்தனை காலடி.
– எந்தக் கேற், எந்த மரம், நாய் கட்டியிருக்கிறதா இல்லையா.

நாய் கட்டியிருப்பதைக்கூட எழுதியிருக்கிறேனே! பாவி, பாவி. தெரியாத ஆள் கையில் கொடுத்தாலும் போய்ச் சேர வேண்டும். ஆறு வீடு. ஏழாவது என் வீடு, முதல் பக்கத்தில், மாதிரி என்று தலைப்புப் போட்டு. மாடிக் கதவுக்கு ஒரு சின்னப் பூட்டுத்தான். கீழே துணிக்கடை. கடையை உடைத்தால் மாடிக்கு ஏற எவ்வளவு நேரம்?

தமிழில்தானே எழுதியிருக்கிறேன், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று ஒரு எண்ணம். அடுத்த நிமிடம், வாசித்துச் சொல்ல ஒருத்தனைப் பிடிக்க மாட்டார்களா என்று இன்னொரு எண்ணம்.

போய் எடுத்துவிட வேண்டும். சேலையை மாற்றினேன். பியசீலி அக்கா வாசலை மறித்து நிற்கிறாள். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "பைத்தியமா? டவுனில் புகை." பின் யன்னலால் பார்த்தேன். உண்மைதான்.

அதே நாள், பின்னேரம், மடவளை, ந.மா. வீடு

ஒழுங்காக எழுத வேண்டும், ஒழுங்காக.

பதினொன்றரைபோல ஒழுங்கை வாயில் ஒரு வேன் நின்றது. பியசீலி அக்கா என்னை அறைக்குள் தள்ளி, அலுமாரிக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். காலடிச் சத்தம். கூடவே ஒரு ஆண் குரல், மெதுவாக, நிறுத்தாமல் ஏதோ முணுமுணுத்தபடி வந்தது. சொல் பிடிபடவில்லை. ஆனால் அது எண்ணிக்கை. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும், நானே அந்த ஒழுங்கையில் அப்படித்தான் முணுமுணுத்து வந்தேன். எங்கள் வாசலுக்கு நேரே எண்ணிக்கை நின்றது.

கொப்பி அவர்கள் கையில். முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவைக்கூட நினைக்கவில்லை. செல்வராணியின் பக்கத்தைத்தான் நினைத்தேன்.

பியசீலி அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "மெஹே கவுருத் நே! ஒருத்தரும் இல்ல!" என்று கத்தினாள்.

"அக்கே, நான் நவாஸ். மிஸ்ட வகுப்பு."

வெளியே வந்தேன். மனிதர் வியர்த்து விறுவிறுத்து நின்றார். கையில் பிறவுண் தாள் போட்ட கொப்பி, என் பக்கத்தில் விரல்.

"நூத்தி எம்பது மிஸ். சரியா வாசலுக்குக் கொண்டாந்து விட்டிச்சு." அழுகையா சிரிப்பா தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "இந்தக் கொப்பி இல்லாட்டி எனக்கு ஒரு பிள்ளைட வீடும் தெரியா. விடிய சுபஹு தொழுதுட்டு நேரா போய் எடுத்தேன். தூரத்தால தொடங்கி வந்தேன். கடைசி நீங்க."

வேனுக்குள் ஐந்து வீட்டு ஆட்கள். ஒருவர் மடியில் ஒருவர். குழந்தைகள் சீற்றுக்குக் கீழே. பலாமரத்து வீட்டு அம்மா அடுப்பில் இருந்த பருப்புச் சட்டியைப் பிடித்தபடி. நீலக் கேற் வீட்டுக்காரர் ஒரு காலில் மட்டும் செருப்பு. நான் ஏறும்போது பியசீலி அக்கா என் தலையில் தன் சால்வையைப் போட்டு, கைப்பையையும் கையில் திணித்தாள். ஒரு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை.

எண்ணினேன். ஐந்து பிள்ளைகள்.

"செல்வராணி எங்கை மாஸ்டர்?"

"அங்கதான் முதல் போனேன். வீடு பூட்டி ஈக்கி மிஸ். முந்தியே தப்பிப் போயிருப்பாங்க. பீலிக்கிட்ட வலத்தால ஏறி, இருநூத்தம்பது காலடி எண்ணிப் போனேன். பெரிய வீடு, பூட்டு, அடையாளம் பாக்க நேரமில்ல. கூப்பிட்டுப் பாத்தேன், றோட்டுல வேன் ஹோனும் அடிச்சேன். ஆளில்ல."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் உதடு மட்டும் அசைவது தெரிந்தது.

"திரும்பிப் போங்கோ மாஸ்டர்."

"எப்பிடிப் போற மிஸ்? அந்த வழியில பேராதனைப் பாலத்தடில பொல்லோட நிக்கிறாங்க. வரக்குள்ளயே ரெண்டு தரம் நிப்பாட்டினாங்க. இந்தப் புள்ளைகள வெச்சிட்டு?"

"ஒருக்காப் போங்கோ."

"அங்க ஆளில்ல மிஸ், நான் பாத்திட்டுத்தானே வாறேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். பிழையான பக்கம் போனீர்கள், நான்தான் மாற்றி எழுதினேன், அவர்கள் இடப்பக்கம் இருக்கிறார்கள் என்று. மடியில் யாருடையதோ குழந்தை அழுதது. மடவளைக்குப் போக வேன் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் திரும்பியது. நான் சொல்லவில்லை.

ஊரடங்குச் சட்டம் என்று றேடியோவில் சொன்னார்கள்.

ஜூலை 27, புதன்

மழை. இங்கே ந.மா. வீட்டில் பெண்களும் குழந்தைகளும், பள்ளிவாசல் மண்டபத்தில் ஆண்கள். ஊர் ஆட்கள் வாசலில் முறைபோட்டு நிற்கிறார்கள்.

மாஸ்டரின் உம்மா எல்லோருக்கும் ஒரே சட்டியில் சோறு கிளறினா. என்னிடம் வந்து, "தின்னுங்க மகள். எங்கட மகன் உங்கட எழுத்தப் பத்தித்தான் செல்லிச் செல்லி மாளுறான்" என்றா. என் சோற்றைப் பக்கத்துக் குழந்தைக்குத் தள்ளிவிட்டேன்.

எல்லோரும் வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். நீலக் கேற் வீட்டுக்காரர் கும்பிட்டார். "உங்க கொப்பியாலதாம்மா உசிரு." எனக்கு எங்கே போய் விழுவதென்று தெரியவில்லை.

கைப்பையில் பிள்ளைகளின் தாள்கள். செல்வராணியுடையதை எடுத்துப் பார்த்தேன். இ 60. பென்சில் அழுத்தி எழுதியது, மறுபக்கம் புடைத்திருக்கிறது.

குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உம்மா வெளியே. தாள் என் கையில். போட்டால் ஒருவருக்கும் தெரியாது. கொப்பியில் வ என்றிருக்கிறது, பிள்ளை அப்படித்தான் தந்தது என்று போய்விடும். இதை நான் யோசித்தேன். நான்தான் யோசித்தேன், எழுதி வைக்கிறேன்.

போடவில்லை. திரும்பப் பைக்குள் வைத்தேன். நல்லவள் என்பதால் இல்லை. உம்மா விறகோடு உள்ளே வந்துவிட்டா.

ஜூலை 29, வெள்ளி

ந.மா. ஊரடங்குப் பாஸ் ஒன்று எடுத்துக் கண்டிக்குப் போய் வந்தார். துணிக்கடை சாம்பல். மாடியும் இல்லை. கம்ப்யூட்டர், டிவி, மேசை, லாச்சி எல்லாம் போச்சு. செவ்வாய் விடிய அவர் போய் எடுத்திராவிட்டால் கொப்பியும் போயிருக்கும். அல்லது கையில் அகப்பட்டிருக்கும்.

அதைச் சொல்லி முடித்துவிட்டு முற்றத்திலேயே குந்தினார்.

"ஆஸ்பத்திரிக்கும் போனேன் மிஸ். முனியாண்டி அங்க."

"எப்பிடி இருக்கிறார்?"

தலையை ஆட்டினார். இல்லை என்று. "நேத்து."

சுவரில் காய்ந்துகொண்டிருந்த யாருடையதோ பாவாடையின் பூக்களை எண்ணினேன். பதினான்கு. அதற்குப் பிறகு ஞாபகமில்லை.

தாயும் செல்வராணியும் உயிரோடு. ஒரு பாடசாலையில் இருக்கிறார்களாம். நாளைக்குக் கூட்டி வருவதாகச் சொன்னார்.

ஜூலை 31, ஞாயிறு

வந்துவிட்டார்கள். தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறா. செல்வராணி அகதிமுகாமில் கொடுத்த பெரிய கவுணில், இன்னும் சின்னவளாகத் தெரிகிறாள். கேட்காமலே சொன்னாள். நானும் ந.மா.வும் இருந்தோம். பாடம் ஒப்புவிக்கிற குரல்.

"ஸ்டோர் பக்கம் பொகைய பாத்ததும் அப்பா எங்கள தேயிலைக்குள்ள ஒக்கார வச்சாங்க. வீட்டுக்குப் பின்னால. பொறவு ஹோர்ன் கேட்டுச்சு. மூணு தடவ. யாரோ எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. ஆனா பங்களாப் பக்கமிருந்து கேட்டுச்சு. அப்பா சொன்னாங்க, அது மாஸ்டர் கொரலு, பாத தெரியாம அங்கிட்டுப் போயிட்டாங்க, நான் போயி கூட்டியாரேன்னு. நாங்க வேணாம்னோம். குறுக்கால எறங்கி ஓடுனாங்க. அதுக்குள்ள வேன் பொறப்பட்டிருச்சு. அப்பா ரோட்டுல வேனுக்குப் பின்னால கையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. மேல இருந்து தெரிஞ்சுச்சு. கடப் பக்கமிருந்து ஆளுங்க வந்தாங்க."

பிறகு, "வீட்டையும் எரிச்சுட்டாங்க" என்றாள், ஏதோ மறந்துபோனதைச் சேர்க்கிற மாதிரி.

ந.மா. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "யா அல்லாஹ். கண்ணாடில பாக்கல்ல நான். ஒருக்காப் பின்னால பாத்திருந்தா! நான்தான் பீலிக்கிட்ட பிழையா திரும்பீக்கி. அவசரத்துல நான்தான்."

அவர் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். செல்வராணி என்னைப் பார்த்தாள், அன்றைக்குத் தகப்பன் முன்னால் பார்த்த அதே பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 1, திங்கள்

யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் அனுப்புவார்களாம், பெயர் கொடுக்கலாமாம். கொடுத்தேன்.

ந.மா. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று உம்மா அழுகிறா. ஐந்து வீட்டு ஆட்களைக் காப்பாற்றின மனிதர், கிணற்றுக்கட்டில் இருந்து தன் வலது கையையும் இடது கையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

காலையில் மழை இல்லை. பாய்களை வெயிலில் போட்டோம்.

பத்து மணிக்கு ந.மா. கொப்பியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. விறாந்தையில் எனக்கும் செல்வராணிக்கும் முன்னால் அவள் பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

"ராத்திரி எடுத்துப் பாத்தேன் மிஸ். இங்க பாருங்க. வ 60 எண்டுதான் ஈக்கி. அப்ப நான் வலத்தால போனது சரி. நான் பிழை விடல்ல. கொப்பியிலதான்…"

அவர் முடிக்கவில்லை. செல்வராணி சட்டென்று சொன்னாள்.

"நாந்தான் மாஸ்டர் தப்பா எழுதிக் குடுத்தேன். எனக்கு வலது எடது வராதுங்க."

நான் இப்படி ஒரு நாளும் அதிர்ந்ததில்லை. அலுமாரிக்குப் பின்னால் நின்றபோதுகூட இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அந்தப் பழியையும் தன் தலையில் எடுத்துப் போடுகிறாள். எனக்காக. ந.மா. அவளை வெறித்துப் பார்க்கிறார். அவளுக்கு வலது இடது வராது என்பதை அவரால் நம்ப முடியவில்லை, ஆனால் நம்பத் தொடங்குகிறார், முகத்தில் தெரிகிறது.

கைப்பையைத் திறந்தேன். தாளை எடுத்துக் கொப்பிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

தாளைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். என்னை.

"மிஸ்தான் மாத்தினீங்களா?"

"ஓம்."

"ஏன்?"

"கோடு திரைக்கு வெளியில போச்சுது. படம் வடிவா இருக்கோணும் எண்டு."

"வேன்ல வெச்சு நீங்க திரும்பிப் போகச் சென்னது…"

"ஓம். அப்பவே தெரியும். சொல்ல வாய் வரேல்லை."

ஏசுவார் என்று இருந்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி விழுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், திரும்பத் திரும்ப. அவர் வரவில்லை.

செல்வராணி தன் தாளை எடுத்து, பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். நான் அவள் பெயரைச் சொன்னேன்.

"அப்பாவுக்கு அந்தப் பூவ ரொம்பப் புடிச்சுச்சு மிஸ்," என்றாள். "பஸ்ஸுல வர்றப்ப வழி முழுக்க அதையேதான் பேசிக்கிட்டு வந்தாங்க. நம்ம வீடு எதுன்னு கேட்டாங்கல்ல. நான் பங்களாவக் காட்டிட்டேன்."